ஞாயிறு டிராக் ஓட்டத்துக்கு வருகிறவர்களுக்கு

வணக்கம். ஞாயிறு கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் நம் ஊட்டி கார் குழுவின் கால் மைல் ஓட்டம், அதாவது 402 மீட்டர். கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கும் வண்டிகள் மட்டும். ரீமேப் (சக்தியைக் கூட்ட என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது) செய்தவர்கள் வேடிக்கை பார்க்க வரலாம்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கோவை சுமார் 400. காற்று லேசாக இருப்பதால் டர்போ இல்லாத என்ஜினுக்கு இங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தி குறைகிறது. கீழே போனால் அது திரும்பி வரும். இங்கே பழகிய மாதிரியே ஆக்சிலரேட்டரை மிதித்தால் டயர் சும்மா சுழலும், அதனால் முதல் ஓட்டத்தில் நிதானம். டயர் காற்றையும் அங்கே ஆறவிட்டு மறுபடி பாருங்கள். ரேஸ் டயர்களைச் சுழற்றிச் சூடாக்க, தொடக்கக் கோட்டுக்கு முன்னால் தண்ணீர் ஊற்றிய இடத்தைச் சுற்றிப் போங்கள். ரோட்டு டயரின் பள்ளங்கள் ஈரத்தைக் கோடு வரை கொண்டுவந்துவிடும். பச்சை விளக்குக்குப் பதற வேண்டாம், வண்டி நகர்ந்து தொடக்கக் கோட்டில் உள்ள சென்சாரின் ஒளிக்கதிரைத் தாண்டிய பிறகுதான் நேரம் ஓடத் தொடங்கும். (ஜோடியாக ஓடும்போது தாமதித்தால் தோற்பீர்கள், அது வேறு கதை.)

ஸ்டெப்னி, ஜாக்கி, பின்சீட் மூட்டை எல்லாம் அங்கே இறக்கிவிடலாம். ஹெல்மெட், லைசென்ஸ் கட்டாயம். குன்னூர் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வராமல் இரண்டாம் கியரில் இறங்குங்கள்; மேட்டுப்பாளையத்தில் டீ.

அப்புறம், கல்லட்டி மலைச்சாலை வளைவுகளில் வேகமாக ஓட்டி 'டைம்' போட்ட வீடியோவை இங்கே யார் போட்டாலும் நீக்கிவிடுவேன், ஆளையும் சேர்த்து.

சரி, வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் வண்டி மாடலோடு பதில் போடுங்கள்.