நகர் நலச்சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஐந்து முறை கூட்டப்பட்டது. இரண்டு முறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்) சேராமல் கலைந்தது. ஆகஸ்ட் 15 கொடியேற்றம், பொங்கல் கோலப்போட்டி, பூங்கா வேலிப் பழுது எல்லாம் வழக்கம்போல் நடந்தன. மூன்று தெருவிளக்குகள் மாற்றப்பட்டன. வடிகால் பற்றி மனு கொடுத்திருக்கிறோம்.

அடுத்து, செடிகளும் பூச்சிகளும் வளரும் விதத்தைக் குழந்தைகளுக்குக் காட்ட, பூங்காவில் நடக்கும் ஞாயிறு காலை வகுப்பு. "புழு காட்டவா சந்தா வாங்குகிறீர்கள்?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அவருக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

ஜூலையில் ஏழு குழந்தைகளோடு தொடங்கினோம். முதல் பாடம் தேங்காய்ச் சிரட்டையில் விதை. தட்டைப்பயறு தன் பருப்பைத் தலையில் சுமந்துகொண்டு மண்ணுக்கு மேலே வந்தது. கொண்டைக்கடலை பருப்பை உள்ளேயே விட்டுவிட்டுத் தளிரை மட்டும் அனுப்பியது. நானும் இத்தனை வயதுக்கு இதைக் கவனித்ததில்லை. பூங்கா மூலையில் தார் வெட்டிய வாழையையும் பார்த்தோம். குலை தள்ளிய மரம் மறுபடி காய்க்காது, பக்கக் கன்றுதான் தொடரும் என்று சொன்னபோது, "அதான் வாழையடி வாழையா?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

அப்புறம்தான் கறிவேப்பிலை. பூங்காச் செடியின் இளந்தளிரில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி வந்து முட்டையிட்டது. வெளிர்மஞ்சளாக, கடுகை விடச் சிறியவை. குழந்தைகள் எண்ணி நோட்டில் எழுதினார்கள்: 23. மூன்று நான்கு நாளில் புழு வந்தது. முதலில் அது காக்கை எச்சம் மாதிரிதான் இருக்கும். பறவைகள் ஏமாந்து போகும். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு இரண்டு நீட்டி, ஒரு வாடையும் விடும். கூட்டுப்புழுவாகும்போது பனையேறி கயிறு கட்டுவதுபோல ஒரு நூலால் தன்னைத் தண்டோடு கட்டிக்கொள்கிறது.

பாடப்புத்தகத்தில் நான்கு படமும் நான்கு அம்புக்குறியும் இருக்கின்றன. அதைப் பார்த்த குழந்தை, ஒவ்வொரு முட்டையும் பட்டாம்பூச்சியாகிவிடும் என்றே நம்புகிறது. எங்கள் 23 முட்டைகளில் பறந்தவை நான்கு. சிலவற்றை எறும்பும் சிலவற்றைப் பறவையும் கொண்டுபோயின. ஒரு கூட்டிலிருந்து பொடிப்பொடியாகக் குளவிகள் வந்தன. எட்டு வயதுப் பையன் ஒருவன் அழுதே விட்டான். அந்தக் குளவிக்கும் இதே மாதிரி முட்டை, புழு என்று ஒரு வாழ்க்கை உண்டு, அதன் புழு இந்தக் கூட்டுப்புழுவை உள்ளிருந்து தின்றுதான் வளர முடியும், அந்தக் குளவி இல்லாவிட்டால் செடியில் இலையே மிஞ்சாது என்று விளக்கினேன். அடுத்த வாரமும் அவன் வந்தான்.

நான்காவது பூச்சி பறந்த மறுநாள், யாரோ அந்தச் செடிக்கு மருந்தடித்துவிட்டார்கள். யாரென்று நான் விசாரிக்கவில்லை. அடிக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது மட்டும் என் வருத்தம்.

அக்டோபரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், டெங்குக் கொசுவின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டோம். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால்தான் வாரம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்யச் சொல்கிறார்கள். நீர்மட்டத்தை ஒட்டிப் பக்கச்சுவரில் முட்டை ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். குழந்தைகள் வீடு வீடாகப் போய் இதைச் சொன்னார்கள். 50 வீடுகளில் உள்ளே அழைத்தார்கள். சில வீடுகளில் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அப்படித் திருப்பிய ஒரு வீட்டு மாடி டிரம்மில் புழு நெளிந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் பின்னர் என்னிடம் சொன்னார்.

ஜனவரியில் திருச்சி ஸ்ரீரங்கம் பக்கத்து மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போனோம். வேன் வாடகையைப் பெற்றோர்களே பகிர்ந்துகொண்டார்கள். அங்கே கறிவேப்பிலையைக் கண்டதும் குழந்தைகள் முதலில் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள்.

கணக்கு விவரம் பொருளாளரிடம் உள்ளது. தணிக்கை முடிந்ததும் பலகையில் ஒட்டப்படும். வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. வகுப்புக்காகச் சங்கம் செலவழித்தது ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, நோட்டுகள், இரண்டு மண்தொட்டி, அவ்வளவுதான். 84 வீடுகளில் 31 வீட்டுச் சந்தா இன்னும் வரவில்லை. அதில் 12 வீடு இரண்டாண்டுப் பாக்கி. மூன்று முறை நானே நடந்திருக்கிறேன்.

தலைவர், பொருளாளர், பூங்காக் காவலர், இடம் ஒதுக்கிய மாநகராட்சி ஊழியர்கள் அனைவருக்கும் நன்றி. விடுமுறை நாளிலும் டீ கொடுத்தனுப்பிய முதல் தெரு அக்காவுக்குத் தனியாக நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை யாராவது ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். இப்போது 22 குழந்தைகள் வருகிறார்கள், ஒருவனாகச் சமாளிக்க முடியவில்லை. கூட நிற்கப் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும். மழைக்குப் பிறகு தலைப்பிரட்டை பார்க்க ஒரு சிமெண்ட் தொட்டியும் வேண்டும். பாக்கிச் சந்தா வந்தால் தொட்டி வாங்கிவிடலாம். தினமும் மாலை 6 முதல் 7 வரை பொருளாளர் வீட்டில் ரசீது கிடைக்கும். கறிவேப்பிலை மறுபடி துளிர்த்திருக்கிறது. மருந்தடிக்க நினைப்பவர்கள் முதலில் என்னைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்