ஹாரி பாட்டரும் உப்பு மிளகாயும்

கோ.புதூர், மதுரை

அன்பு மகளுக்கு,

இயேசுவுக்கே புகழ். நாங்கள் நலம். அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மாடிக்கு மட்டும் ஏறாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன், கேட்கிற மாதிரி நடிக்கிறார்.

பாப்பா ஹாரி பாட்டர் மந்திரக் கதைப்புத்தகங்களைப் படிக்கலாமா என்று ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் பிடிகொடுக்காமல் பேசினேன் என்று உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். ஸ்பீக்கரில் பாப்பா இருந்தாள், மாப்பிள்ளையும் இருந்தார். அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு நான் தீர்ப்புச் சொன்னால் யாரோ ஒருவருக்கு முகம் சுருங்கும். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு அவரிடமும் கொடு.

உங்கள் செபக்குழுவில் வந்த ஆடியோவை நானும் கேட்டேன். ஹாரி பாட்டர் படித்த பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சாத்தானை வணங்கப் போய்விட்டார்களாம். இந்தக் கதை எனக்குப் புதிதில்லை. அமெரிக்காவில் ‘தி ஆனியன்’ என்று ஒரு நையாண்டிப் பத்திரிகை உண்டு. நம் துக்ளக் அட்டைப்படம் மாதிரி, எல்லாமே கேலி. 2000-இல் அவர்கள் கேலிக்காக எழுதிய ஒரு ‘செய்தி’யை நிஜமென்று நம்பி ஊரெல்லாம் மின்னஞ்சலில் அனுப்பினார்கள். அதே சரக்குதான் இன்னும் வாட்ஸ்அப்பில் வேறு வேறு குரலில் சுற்றுகிறது. மாப்பிள்ளை பயந்ததில் தப்பில்லை. பிள்ளையைப் பற்றிய பயம் வந்தால் யாருக்கும் விசாரிக்கத் தோன்றாது.

“ரோமே சொல்லிவிட்டது” என்று அதில் ஒரு வரி வருகிறதே, அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 2003-இல் கர்தினால் ராட்சிங்கர், அந்தக் கதைகளை எதிர்த்துப் புத்தகம் எழுதிய ஒரு ஜெர்மானியப் பெண்மணிக்குக் கடிதம் எழுதினார். கண்ணுக்குத் தெரியாமல் இழுக்கிற நுட்பமான மயக்கம் இவற்றில் உண்டு என்பது அவர் கருத்து. பிறகு அவர் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆனதும் 2005-இல் அந்தக் கடிதம் உலகம் முழுக்கச் செய்தியானது. அதே 2003-இல், அந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே, வத்திக்கானில் நடந்த பத்திரிகையாளர் கூட்டத்தில் ஒரு குருவானவர், நல்லது எது கெட்டது எது என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிற கதைகள்தாம் இவை என்று பேசியிருக்கிறார். 2009-இல் வத்திக்கானின் நாளிதழே அந்த வரிசையில் வந்த ஆறாவது படத்தைப் பாராட்டி எழுதியது. ரோமில் பேயோட்டும் பணியில் இருந்த அருட்தந்தை அமோர்த் கடைசிவரை எதிர்த்தார். ஆக, இது விசுவாசக் கோட்பாடு இல்லை, பெரியவர்களின் அபிப்பிராயம். தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியல் என்று ஒன்று முன்பு இருந்ததே, அதன் சட்ட வலிமையையே 1966-இல் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்கள் பெற்றோர்தான் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சொல்லிவிட்டது. முடிவு உங்கள் இரண்டு பேர் கையில். என் கையில்கூட இல்லை.

மந்திரத்தைப் பற்றித் திருச்சபை என்ன சொல்கிறது என்பதில் மட்டும் குழப்பமே கிடையாது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2116, 2117 இரண்டு எண்களையும் எடுத்துப் பார். சோதிடம், கைரேகை, குறி கேட்பது, சூனியம், எல்லாம் விலக்கப்பட்டவை. நோய் தீர வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு மந்திரத்தைத் தேடினாலும் பாவம்தான். தாயத்துக் கட்டுவதும் கண்டிக்கப்பட்டிருக்கிறது. கதைப்புத்தகம் பற்றி அந்த இடத்தில் ஒரு வார்த்தை இல்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் தெரியுமா? நம் பங்கின் அன்பியக் குழுவில் ஒரு அக்கா இருக்கிறார், பெயர் வேண்டாம். இந்தப் புத்தகங்களைத் தீயில் போட வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் வெகுநேரம் பேசினார். கொஞ்ச நாளில் அவர் பேரனுக்குக் காய்ச்சல். பார்க்கப் போனேன். உப்பு, வற்றல் மிளகாய், முச்சந்தி மண் மூன்றையும் ஒரு கைப்பிடியில் வைத்துப் பையனைச் சுற்றி, மூன்று தரம் துப்பச் சொல்லி அடுப்பில் போட்டார். மிளகாய் கருகியும் நெடி ஏறவில்லை. “பாத்தீங்களா, பிள்ளை மேல எம்புட்டுக் கண்ணு!” என்று என்னைப் பார்த்தார். பையன் சட்டை விலகியபோது கழுத்தில் நம் பக்தி அடையாளமான உத்தரியம், இடுப்புக் கறுப்புக் கயிற்றில் செம்புத் தாயத்து. “அக்கா, இது?” என்றேன். “அது வேற, இது வேற” என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விட்டார். நல்ல மனுஷி. பேரன் மேல் உயிரையே வைத்திருப்பவர். ஆனால் அந்த வீட்டில் மந்திரம் எதன் வழியாக உள்ளே வந்தது என்று நீயே சொல்.

எபேசு நகரத்தில் மந்திர நூல்களை எரித்தார்களே என்று அந்த ஆடியோவில் வருகிறது. விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் 19-ஆம் அதிகாரம். ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு பெறுமான ஏடுகள். அவை கதைகள் இல்லையம்மா. அவர்களே வைத்துத் தொழில் செய்த மந்திர ஏடுகள். மனம் திரும்பியவர்கள் தங்களுடையதைத் தாங்களே கொண்டுவந்து கொளுத்தினார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் பையைத் திறந்து பார்க்கவில்லை.

நீ எட்டாவது படிக்கும்போது முதல் புத்தகத்தைத் தோழியிடம் இரவல் வாங்கி வந்தாய். அப்பா உன்னைத் திட்டவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. “முதல்ல நான் படிக்கிறேன்” என்று வாங்கிக்கொண்டார். லிஃப்கோ அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாத சொற்களுக்கெல்லாம் பென்சிலால் சுழித்து, திண்ணையிலேயே உட்கார்ந்து படித்தார். பாதியில் நீ கேட்டபோது கொடுக்கவில்லை. அந்தப் பையனுக்கு என்ன ஆகிறது என்று அவருக்கே தெரிய வேண்டியிருந்தது! அகராதியில் இப்போதும் அந்தச் சுழிகள் இருக்கின்றன. நீ படித்ததால் கெட்டுப்போகவில்லை என்று நான் வாதம் செய்ய மாட்டேன். ஒரு பிள்ளையை வைத்து ஊருக்குச் சட்டம் போட முடியாது. பெற்றவர்கள் முதலில் படித்துவிட்டுப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

போன மே மாதம் பாப்பாவை நத்தம் ரோட்டில் கலைஞர் நூலகத்துக்குக் கூட்டிப்போனேன் இல்லையா, அப்போதே அவள் கேட்டாள். வகுப்பில் எல்லாரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள், தான் மட்டும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக. அதனால் அதற்கப்புறம் நானும் வரிசையாக, தமிழில் கிடைத்ததைத் தமிழிலும் மற்றதை உன் பழைய அலமாரியில் இருந்தும் படித்தேன். என் மனசில் பட்டதைச் சொல்கிறேன்.

அதில் வருகிற மந்திரத்தில் பெரும்பாலும் யாரும் ஆவியைக் கூப்பிடுவதில்லை. குச்சியை ஆட்டினால் இறகு பறக்கிறது. சிறுவயதில் நாங்கள் இரும்புக்கை மாயாவி காமிக்ஸ் படித்தோமே, மின்சாரம் பாய்ந்ததும் அவன் மறைந்துபோவதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. எனக்கு உறுத்தியது வேறு. அந்தப் பிள்ளைகள் சர்வசாதாரணமாகப் பொய் சொல்கிறார்கள், விதியை மீறுகிறார்கள், பல தடவை அதற்குப் பரிசே கிடைக்கிறது. வாத்தியாரம்மா புத்தி எனக்கு, அது உடனே கண்ணில் படுகிறது. அதைப் பாப்பாவிடம் கேள்: “இந்தப் பொய் அவசியமா, வேறு வழி இருந்ததா?” அவள் சொல்லும் பதிலில் அவள் மனசு தெரிந்துவிடும்.

இரண்டாவது புத்தகம்தான் என்னை அப்படியே பிடித்துக்கொண்டது. பதினோரு வயதுப் பெண் ஒருத்திக்கு ஒரு பழைய டைரி கிடைக்கிறது. அவள் எழுதினால் அது பதில் எழுதுகிறது. புதுப் பள்ளி, பேச ஆளில்லை. அண்ணன்மார் கேலி செய்கிறார்கள். தன் ரகசியமெல்லாம் அதில் கொட்டுகிறாள். அந்தப் பக்கத்தில் இருப்பவன் இனிக்க இனிக்கப் பேசி அவளையே தன் கைக்குள் கொண்டுவந்துவிடுகிறான். கடைசியில் அவள் அப்பா கோபமும் பயமுமாகக் கேட்கிறார், தானாக யோசிக்கிற ஒரு பொருள், மூளை எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் அதை நம்பலாமா, எங்களிடம் ஏன் காட்டவில்லை என்று. 1998-இல் வந்த புத்தகம் அது. இன்று பாப்பா கையில் டேப்லெட் இருக்கிறது. அவளுக்கு நீ நூறு தரம் சொன்னாலும் ஏறாத ஒன்று, இந்தக் கதையில் ஒரே மூச்சில் ஏறும். மாப்பிள்ளை வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த ஒன்றைப் படிக்கட்டும்.

ஏழாவதில் ஒரு கிறிஸ்துமஸ் இரவு, கோவிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் அந்தப் பையன் தன் அப்பா அம்மா கல்லறையைத் தேடிப்போய்ப் பார்க்கிறான். கல்லில் பொறித்திருப்பது புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியது, முதல் திருமுகம் 15:26. சாவுதான் கடைசிப் பகைவன், அதுவும் அழிக்கப்படும். அவனுக்கு அது எங்கிருந்து வந்த வரி என்று தெரியாது. நம் பாப்பாவுக்குத் தெரிய வேண்டும். மறைக்கல்வி வகுப்புக்கு ஒழுங்காகப் போகிற பிள்ளைக்கு அந்தப் பக்கத்தில் கிடைப்பது மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைக்காது.

ஆனால் எல்லாவற்றையும் இப்போதே கொடுத்துவிடாதே. முதல் மூன்றும் அவள் வயதுக்குச் சரி. நான்காவதில் ஒரு நல்ல பையன் அநியாயமாகச் சாகிறான், அங்கிருந்து கதை இருண்டுபோகிறது. விளக்கை அணைத்தால் பக்கத்தில் ஆள் வேண்டும் என்கிற பிள்ளை அவள். பன்னிரண்டு பதின்மூன்று வயது ஆகட்டும். பசங்க கேலி செய்தால் செய்யட்டும்.

நாலாம் நூற்றாண்டில் புனித பேசில், வேற்றுச் சமயத்து இலக்கியம் படிக்கிற இளைஞர்களுக்கு அறிவுரை எழுதினார். தேனீ எல்லாப் பூவிலும் உட்காராது, உட்கார்ந்த பூவையும் முழுசாகத் தூக்கிக்கொண்டு வராது என்கிறார். மாப்பிள்ளைக்கு இது பிடிக்கும், அவருக்கு ஆதித் திருச்சபைத் தந்தையர் என்றால் மரியாதை. கூடவே ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனைப் பற்றியும் சொல். குட்டிச்சாத்தான், மோதிரம், மந்திரக்கிழவன் என்று ஆயிரம் பக்கத்துக்கு எழுதிய மனிதர் கடைசிவரை பூசைக்குப் போனவர். 1953-இல் ஒரு சேசு சபை நண்பருக்கு எழுதும்போது, தன் கதை அடிப்படையில் கத்தோலிக்கப் படைப்பு என்றே சொல்கிறார். அவருடைய அம்மா 1900-இல் கத்தோலிக்கரானதும் சொந்தக்காரர்கள் பண உதவியை நிறுத்திவிட்டார்கள். நாலு வருஷத்தில் அந்த அம்மா போய்ச் சேர்ந்தார். பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரு குருவானவர்தான் அவரை வளர்த்தார். கற்பனையைக் கண்டு நம் சாமியார்கள் பயந்திருந்தால் வீரமாமுனிவரிடமிருந்து நமக்குப் பரமார்த்த குரு கிடைத்திருக்க மாட்டார், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கி வருகிற சீடர்களும் கிடைத்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் மாப்பிள்ளை வேண்டாம் என்றால், வேண்டாம்தான். பிள்ளைக்கு முன்னால் இரண்டு பேரும் இரண்டு பேச்சுப் பேசக்கூடாது. “பிசாசு பிடிக்கும்” என்று மட்டும் அவளிடம் சொல்லவேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொள். அது பொய் என்று ஒருநாள் அவளுக்குத் தெரியும், அன்றைக்கு நாம் சொன்ன மற்றதையும் சேர்த்துத் தள்ளிவிடுவாள். “அப்பாவுக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை, படித்துப் பார்த்துச் சொல்கிறேன்” என்று அவரே சொல்லட்டும். நான் கள்ளத்தனமாக லீவில் கொடுக்க மாட்டேன். அவள் கேட்பாள், கேட்டாலும் மாட்டேன்.

உன் முதல் மூன்று புத்தகங்களையும் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டாவதில் அட்டை பிய்ந்திருக்கிறது, அப்பா பசை போட்டுக்கொண்டிருக்கிறார். நீங்கள் முடிவு செய்துவிட்டுச் சொன்னால் கூரியரில் போடுகிறேன். கூடவே மாவடு ஊறுகாயும் வருகிறது, பாட்டிலை நிமிர்த்தி வை. பிப்ரவரி 11 லூர்து அன்னை திருநாளுக்கு லீவு கிடைக்குமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா