ஒளித்து வைத்த வண்டி ஓடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன கிழமை என் தங்கச்சியின் மகன் வீட்டுக்கு வந்து, "மாமா, குச்சவெளிப் பக்கம் இருக்கிற உங்கள் காணியில் ஒரு வேன் விட்டு வைக்கலாமா?" என்று கேட்டான். என்ன வேன், எதற்கு என்று கேட்டால் கதை நீளுகிறது. நாடு மறுபடி விழுந்தால், சண்டை வந்தால், போன கரண்ட் வராமலே விட்டால், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட ஒரு பழைய டீசல் வேன் வேண்டுமாம், அதை ஒருவருக்கும் தெரியாமல் பற்றைக்குள் விட்டு மேலே பச்சை வலை போட்டு மூட வேண்டுமாம், பக்கத்திலேயே இரண்டு பரல் எண்ணெய் தாட்டு வைக்க வேண்டுமாம். எல்லாம் போனில் வெளிநாட்டுக்காரர் போடும் வீடியோ பார்த்து வந்த யோசனை. இவன் ஒருவன்தான் என்றால் வீட்டோடு பேசி முடித்திருப்பேன், ஆனால் இவனுடைய கூட்டாளிகள் நாலு பேர் இதே கதையோடு திரிகிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன்.

பிள்ளைகள் பயப்படுவதை நான் பிழை சொல்லவில்லை. இந்த ஊரில் பிறந்த எவனும் அதைப் பார்த்துச் சிரிக்க மாட்டான். ஆனால் ஒளிப்பது பற்றித் திருகோணமலைக்காரனுக்கு வெளிநாட்டுக்காரன் வந்து பாடம் எடுக்க வேண்டுமா? சீனன்குடாவைப் பாருங்கள். வெள்ளைக்காரன் 99 எண்ணெய்த் தாங்கிகளைக் காட்டுக்குள் பரப்பிக் கட்டினான், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் பிடிக்கும். 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பான் விமானங்கள் வந்தன, அதில் ஒன்று தாங்கியிலேயே வந்து மோதி அது நாட்கணக்கில் எரிந்தது, நெளிந்த இரும்பு இன்றைக்கும் கிடக்கிறது. அப்பேர்ப்பட்ட சாம்ராச்சியமே ஒளித்தும் தப்பவில்லை, இவன் ஒரு வேனை ஒளிக்கப் போகிறானாம். அந்தத் தாங்கிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே 2022 இல் நாங்கள் நாலு லீற்றர் பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் கிடந்தோம் என்பது வேறு கதை.

எங்கள் வீட்டிலும் ஒருமுறை வண்டி ஒளித்தோம். 1990 இல் நிலாவெளியை விட்டு வெளிக்கிட்டபோது அண்ணாவிடம் ஒரு ஹொண்டா மோட்டார் சைக்கிள் இருந்தது. அதைக் கொண்டு போக வழியில்லை, விட்டுப் போக மனமும் இல்லை. பற்றரியைக் கழற்றி, எஞ்சினுக்குள் எண்ணெய் ஊற்றி, மூன்று சுற்றுப் பொலித்தீன் சுற்றி, வடலிக்குள் இராவோடு இராவாகக் கிடங்கு வெட்டித் தாட்டோம். நாலு வருடம் கழித்துத் திரும்பி வந்து கிண்டினால், அந்த உப்பு மண்ணும் மாரித் தண்ணீரும் பொலித்தீனுக்குள் எப்படிப் போயினவோ தெரியாது, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் போய் அசைக்கவே முடியவில்லை. இலக்கத் தகடு மட்டும் வாசிக்கக்கூடியதாக இருந்தது. அண்ணா அதைக் கொஞ்ச நாள் வாசலில் சாத்தி வைத்திருந்தார், பிறகு பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டார். அதே இரவில் நாங்கள் ஒளிக்காமல் கொண்டு போனது அப்பாவின் றலி சைக்கிள். கரியரில் அம்மம்மா, பாரில் அரிசி மூட்டை, ஹாண்டிலில் குடம், உருட்டிக்கொண்டே போனோம். அது இன்றைக்கும் என் வீட்டில் நிற்கிறது.

சரி, மண்ணுக்குள் புதைக்காமல் பற்றைக்குள் நிப்பாட்டினால் போதும் என்கிறான் மருமகன். கடற்கரை ஊரில் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு என்ன நடக்கும் என்று எந்தக் கராஜ்காரனிடமும் கேட்கலாம். பற்றரி இரண்டு மூன்று மாதத்தில் இறங்கிவிடும், குறைந்தது அதன் மைனஸ் வயரையாவது கழற்றி வைக்க வேண்டும். ரயர் ஒரே இடத்தில் அமுங்கிச் சப்பையாகும். வயரை எலி கடிக்கும். பிரேக் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். டீசல் தாங்கியில் பாதி வெறுமையாக இருந்தால் உள்ளே ஈரம் கட்டி, தண்ணீர் அடியில் இறங்கி, அதில் பாசி மாதிரி ஒன்று வளர்ந்து பில்டரை அடைக்கும். பெற்றோல் இன்னும் மோசம், சில மாதத்தில் அதன் லேசான பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் பசை மாதிரிக் காபரேட்டரின் சின்னத் துளைகளை அடைத்துவிடும். ஆக, அவன் ஓட வேண்டிய அந்த ஒரு இரவில் அந்த வேன் ஓடாது. கிழமைக்கு ஒருதரமாவது கொஞ்சத் தூரம் ஓட்டினால்தான் வண்டி வண்டியாக இருக்கும், கிழமைக்கு ஒருதரம் போய் வந்தால் அது ஊருக்கே தெரியும். பிறகென்ன ஒளிப்பு? குச்சவெளிப் பக்கத்து யானைகளுக்குப் பச்சை வலை என்ன மரியாதை கொடுக்கும் என்பதையும் அவன் யோசிக்கவில்லை.

பெற்றோலை வீட்டில் பதுக்குவது பற்றி ஒரு வார்த்தை, தயவு செய்து இதைக் கவனியுங்கள். அதன் ஆவி காற்றை விடப் பாரம். மேலே போகாது, நிலத்தோடு ஊர்ந்து போகும். அறை மூலையில் கலன் இருந்தால் குசினி அடுப்பு வரைக்கும் அது போய்ச் சேர்ந்து, அங்கே பிடித்த நெருப்பு வந்த வழியே கலனுக்குத் திரும்பும். 2022 இல் தண்ணீர்ப் போத்தலில் எல்லாம் பெற்றோல் வாங்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்த வீடுகளை நானே கண்டிருக்கிறேன், ஏதோ தப்பினார்கள்.

மண்ணெண்ணெயில் ஓட்டலாமே என்றும் கேட்டான். யாழ்ப்பாணத்தில் சண்டை நாட்களில் எரிபொருளுக்குத் தடை இருந்த காலத்தில் ஓட்டினார்கள்தான். சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகையும் இடியுமாக ஓட்டினார்கள், எஞ்சின் ஒயிலும் சீக்கிரம் கெட்டுப் போகும். அது பழைய காபரேட்டர் வண்டிக்குச் சரி. இன்றைய இன்ஜெக்‌ஷன் மோட்டார் சைக்கிளில் அந்த விளையாட்டு நடக்காது.

2022 ஐ நினைத்துப் பாருங்கள். வருடத் தொடக்கத்தில் 177 ரூபாய்க்கு நின்ற 92 ஒக்டேன் பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ரூபாய். பிறகு கியூஆர் கோட்டைக் காட்டி அளவாக எண்ணெய் வாங்கும் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. வண்டி இலக்கமும் செசி இலக்கமும் கொடுத்துப் பதிந்தால்தான் அந்தக் கோட் கிடைத்தது. காட்டுக்குள் கடதாசி இல்லாமல் நிற்கும் வேனுக்கு அன்றைக்கு ஒரு சொட்டும் கிடைத்திருக்காது. எங்கள் உவர்மலை ஒழுங்கையில் எட்டு வீடு, ஒரு ஓட்டோ. அதன் ஐந்து லீற்றரை நாங்கள் எட்டு வீடும் பங்கு போட்டோம், மோட்டார் சைக்கிள்காரர் சந்தைக்குப் போனால் எல்லா வீட்டுக்கும் மரக்கறி வாங்கி வந்தார்கள். ஒரே ஒரு சட்டம்: ஓட்டோவில் கடைசி ஒரு லீற்றரைத் தொடக்கூடாது, அது ஆஸ்பத்திரிக்கு. ஓட்டோக்காரத் தம்பிக்கு அந்த நாட்களில் ஒரு லீற்றர் என்றால் ஒரு நாள் சாப்பாடு, இருந்தும் அவர் தொடவில்லை. ஓகஸ்டில் ஒரு இரவு இரண்டு மணிக்கு மூன்றாம் வீட்டுப் பிள்ளைக்கு வலி வந்தது, அந்த லீற்றரில்தான் போனாள். அந்த வண்டி பூட்டின கொட்டிலுக்குள் நின்றிருந்தால் எவனுக்கு அதன் நினைப்பு வந்திருக்கும்?

ஓடுவது என்றால் எங்கே ஓடுவது என்பதையும் கேட்டேன். கந்தளாய் 40 கிலோமீற்றர், அனுராதபுரம் 100 சொச்சம். 2025 நவம்பரில் டித்வா புயலோடு மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கம் வெள்ளத்தில் கிடந்தபோது வேன் வைத்திருந்தவனும் வேலிக்கு மேலால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். அப்படி நேரத்தில் வயலில் சேறு உழுத உழவு இயந்திரமும் கரைவலைக்காரரின் வள்ளமும்தான் ஆளை ஏற்றும். அவை ஒவ்வொரு நாளும் உழைக்கிற வண்டிகள், யார் ஓட்டுவார், எங்கே நிற்கும் என்று ஊருக்கே தெரியும். ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் எத்தனை உழவு இயந்திரம், எத்தனை வள்ளம், ஓட்டுகிற ஆளின் போன் நம்பர் என்ன என்று ஒரு பட்டியல் எழுதி மாரிக்கு முன்னரே சனசமூக நிலையச் சுவரில் ஒட்டலாமே. ஒரு தாளும் கொஞ்சம் பசையும்தான் செலவு.

மருமகனுக்குக் காணி தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான், நேற்று வந்து, வேன் வாங்க வைத்த காசில் தன் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு ரயரும் ஒரு செயினும் மாற்றிவிட்டதாகச் சொன்னான். அப்புறம் அப்பாவின் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அதன் டைனமோ வேலை செய்யவில்லை, 6 வோல்ட் பல்ப் திருகோணமலைக் கடைகளில் தேடிக் களைத்துவிட்டேன். வைத்திருக்கும் வாசகர் யாராவது இருந்தால் உங்கள் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
உவர்மலை, திருகோணமலை.