மைக்கின் அலைவரிசையையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டுப் படப்பிடிப்புக்குக் கிளம்பும் நம் பிள்ளைகள் விசா, கேமரா, லென்ஸ் என்று எல்லாவற்றையும் சரிபார்க்கிறார்கள். வயர்லெஸ் மைக்கை மட்டும் அப்படியே பெட்டியில் போட்டுக்கொள்கிறார்கள். கல்யாண வீடியோக்களுக்கு ஒலிப்பதிவு செய்யும் நானும் அப்படித்தான் இருந்தேன்.

போன ஆண்டு நியூஜெர்சியில் ஒரு கல்யாணம். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, வாடகைக்கு எடுத்த மைக்குக்கு பேட்டரி மாற்ற மூடியைத் திறந்தேன். உள்ளே பொடி எழுத்தில் அதன் அலைவரிசை '630–650 மெகாஹெர்ட்ஸ்' என்றிருந்தது. அமெரிக்காவில் 617 முதல் 652 வரை செல்போன் சேவைக்குப் போய்விட்டது. 2020 ஜூலை 13-க்குப் பிறகு அதில் மைக் இயக்குவது சட்டவிரோதம். உடனே செட்டை மாற்றினேன்.

பிரிட்டனில் கதை வேறு. 863 முதல் 865 வரை உரிமம் தேவையில்லை. 606.5 முதல் 613.5 வரை வேண்டுமானால் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமிடம் உரிமம் வாங்க வேண்டும். லண்டனில் ஓடிய அதே 863 செட்டை அமெரிக்காவில் இயக்கக் கூடாது.

2.4 கிகாஹெர்ட்ஸ் மைக் பெரும்பாலான நாடுகளில் செல்லும். ஆனால் மண்டபம் நிறைய செல்போனும் வைஃபையும் இருந்தால், தாலி கட்டும் நேரம் பார்த்து விட்டுவிட்டுக் கேட்கும். அதனால் மாப்பிள்ளை இடுப்பில் ஒரு சின்ன ரெக்கார்டரையும் செருகிவிடுகிறேன்.

வாடகைக் கடைக்காரர்கள் அலைவரிசையைப் பெட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் ஒட்டித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

– ஓர் ஒலிப்பதிவாளர், மதுரை