வியன்னாவிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தம்பிக்குத் தை மாதம் கல்யாணம் என்பதைத் தபாலில் தெரிந்துகொள்ளும் அக்கா நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கோபமில்லை. நான் மட்டும் ஒழுங்காக எழுதினேனா என்ன?

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. துருக்கிக்காரர் கடையில் வாங்கிய மைசூர்ப் பருப்பைப் போட்டு அரிசிம்பருப்பு சாதம் செய்தேன். குழைந்து கஞ்சியாகிவிட்டது, நெய் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டேன். இரவு வேலையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். பொழுது போக வேண்டுமே என்றுதான், வேறொன்றும் இல்லை.

கீழ்வீட்டு அம்மாளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? நான் கடுகு தாளித்தால் துடைப்பக் கட்டையால் கீழேயிருந்து இடிப்பாரே, அவர்தான். செப்டம்பர் கடைசி ஞாயிறு என்னைக் கார்னுன்டும் என்ற ஊருக்கு இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு இந்த நாடு முழுக்கப் பழைய கட்டடங்களை இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள். 1984-இல் பிரான்சில் தொடங்கிய வழக்கமாம். இப்போது ஐரோப்பா முழுக்க நடக்கிறது. நம் ஊர் நோம்பிக்கு வருவதுபோல் குழந்தை குட்டிகளோடு கூட்டம். யாருக்கும் அது பாடமாகத் தெரியவில்லை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

கார்னுன்டும் டான்யூப் ஆற்றங்கரையில் ரோமர் பாளையம் இருந்த இடம். கி.பி. 6-இல் டைபீரியஸ் அங்கே படையோடு தங்கியிருந்தான் என்றார்கள். பேரரசனாக ஆவதற்கு முன்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் வெள்ளலூரில் 1842-இல் கிடைத்த புதையலில் இருந்த வெள்ளிக் காசுகளில் அவன் தலைதானே இருக்கிறது! அதைச் சொன்னதும் அந்த அம்மாள் நம்பவில்லை. மறுநாள் நூலகத்தில் தேடிப் பார்த்துவிட்டு வந்து என் கதவைத் தட்டினார். "படியூர் உங்கள் ஊருக்குப் பக்கமா?" என்றார். அங்கே கிடைத்த பச்சைக்கல்லை, இவர்கள் பெரில் என்பதை, பற்றிப் படித்திருக்கிறார். இந்தியாவைத் தவிர வேறெங்கும் அந்தக் கல் அரிது என்று பிளினி என்ற ரோமர் எழுதி வைத்திருக்கிறார்; அதை ஆறு பட்டையாக அறுப்பார்கள் என்றும் எழுதியிருக்கிறார். காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகும்போது பஸ் நிற்கும் படியூரா என்று நம் ஆட்களே கேட்பார்கள்.

இந்த ஊர் தேசிய நூலகத்தில், மேற்குக் கடற்கரையில் அந்தக் காலத்துத் துறைமுகமாக இருந்த முசிறியிலிருந்து போன கப்பல் சரக்குக்குக் கிரேக்க மொழியில் எழுதிய கடன் பத்திரம் ஒன்று இருக்கிறது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. ஆயிரத்தெண்ணூறு வருடமானாலும் கடன் பத்திரம் மட்டும் தொலையாது போலிருக்கிறது. நம் பக்கத்துக் கற்களும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் அந்தக் கரைக்கு இறங்கியிருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன். கடலைக்காய் பறிக்கும்போது கிடைத்த பாசிமணிகளைக் கேட்டு யாரோ வந்தார் என்று எழுதியிருந்தீர்களே, கொடுத்துவிடாதீர்கள். நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் தோண்டி எடுத்ததும் இதே போன்ற சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லும் பச்சைக்கல்லும்தான். சூதுபவளம் குஜராத் பக்கமிருந்து வந்து, நொய்யல் கரையில் பட்டை தீட்டித் துளை போடப்பட்டது. பெரிய பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் காட்டுங்கள்; தாசில்தாரிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியும். முதலில் பிள்ளைகள் ஒரு தடவை கையில் வைத்துப் பார்க்கட்டும். கொடுமணல் நமக்கு எவ்வளவு தூரம்? நான் அங்கே இருந்தவரை போனதே இல்லை.

டான்யூப் கரையில் இருந்த ரோமர் எல்லையை ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா மூன்றும் சேர்ந்து 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றின. கூடவே வந்த ஹங்கேரி கடைசி நேரத்தில் விலகிக்கொண்டதாம். கேட்டதும் நம் பங்குக் கிணறும் சின்ன ஐயன் வீட்டாரும்தான் நினைவுக்கு வந்தார்கள். இந்த வருடமாவது முறைத் தண்ணீர் ஒழுங்காக விடுகிறார்களா? அப்பா சண்டைக்குப் போக வேண்டாம்.

அன்று ஆற்றங்கரையில் ஒருவர் எருமை பூட்டிய வண்டிச் சக்கரம் என்று ஏதோ ஒன்றைக் காட்டினார். நம் கட்டுத்தரையில் சாணி மணக்க நீங்கள் பால் கறப்பது கண்ணில் வந்தது. குளிரில் மூக்கு ஒழுகுகிறது என்று அந்த அம்மாளிடம் சொல்லிச் சமாளித்தேன்.

கல்யாணத்துக்கு வருவது பற்றி. விடுப்புக் கேட்டிருக்கிறேன், டிக்கெட் விலை தை மாதத்தில் கூடிவிடும், பார்க்கிறேன். இணைச்சீருக்குக் கூடப் பிறந்தவள் நான்தான் நிற்க வேண்டும் என்று தெரியும். என்றாலும் பெரியப்பா வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சீர் செய்து வைக்கும் அருமைக்காரரையும் கேட்டுக்கொள்ளுங்கள். கூறைச்சேலையை ஈரோட்டில் எடுக்க வேண்டாம். சென்னிமலையில் எடுத்த பிறகு மிச்சத்துக்கு மட்டும் ஈரோடு போங்கள். இந்த மாதப் பணம் பாதிதான் வரும், மீதி அடுத்த மாதம். பெண் வீட்டாரிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

உங்கள் மகள்