வெள்ளைப் பேசின் இன்னும் இருக்கிறது

பாப்பா,

சாப்பிட்டாயா? இங்கே சுங்கை சிப்புட்டில் மூன்று நாளாக நல்ல மழை, செம்பனைக் காட்டு அல்லூரெல்லாம் நிரம்பி ஓடுகிறது. பக்கத்து வீட்டுப் பையன்கள் வலையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் இருட்டுகிற வரைக்கும் வீடு திரும்பவில்லை.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். மார்ச்சோடு ஜப்பானில் மீன் ஆராய்ச்சி ஒப்பந்தம் முடிகிறது, ஊருக்கே வந்துவிடட்டுமா அம்மா என்று கேட்டாய். யோசிப்போம் என்றேன். யோசித்துவிட்டேன். இப்போது வராதே. இன்னும் இரண்டு வருஷம் கேட்டு எழுதிப் போடு.

உனக்கு ஆறு வயசு இருக்கும். லயத்து வீட்டுப் பின்கட்டில் குட்டித் திலாப்பியா இரண்டைப் பிடித்து, ஒன்றை என் வெள்ளைப் பேசினிலும் இன்னொன்றைக் கருப்பு வாளியிலும் விட்டாய். நான் பால்மரம் வெட்டிவிட்டு வந்து அப்போதுதான் காலை நீட்டி உட்கார்ந்தேன். "அம்மா, இது மட்டும் வெளுத்துப்போச்சு" என்று ஓடி வந்தாய். சீக்கு மீன், தூக்கி ஊற்று என்றேன். நீ ஊற்றவில்லை. வெளுத்ததை வாளிக்கு மாற்றிவிட்டு அது மறுபடி கருக்கும் வரைக்கும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாய். அன்றைக்கே உன் படிப்பு தொடங்கிவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை.

போன மாதம் நீ அனுப்பிய வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. ஒரே ஒரு செதில். அதில் ஒவ்வொரு கருப்புச் செல்லிலும் நிறம் தருகிற கரும்பொடி மரக்கிளை மாதிரி விரிந்து கிடக்கிறது. நோரட்ரினலின் என்கிற ஹார்மோன் ஒரு சொட்டு விட்டதும் அத்தனையும் கிளைகளை விட்டு நடுவுக்கு ஓடிவந்து ஒரு புள்ளியாகிவிடுகிறது. மீன் வெளுப்பது இவ்வளவுதானாம். கருப்பு எங்கேயும் போகவில்லை, ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது. மனுஷத் தோலில் கரும்பொடியைச் செய்கிற செல் அதைப் பக்கத்துச் செல்களுக்குக் கொடுத்துவிடும், மீனோ தன்னிடமே வைத்துக்கொண்டு விரிக்கும், சுருக்கும் என்று நீ சொன்னபோது எனக்கு ஏனோ கண் கலங்கிவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். மூன்றாம் படிவத்தில் உனக்குப் பசார் மாலம் இரவுச் சந்தையில் முகம் வெளுக்கிற கிரீம் வாங்கி வந்து பூசினேன். முகம் எரியுதும்மா என்றாய், கொஞ்சம் பொறுத்துக்கோ என்றேன். கன்னத்தில் தோல் உரிந்த பிறகுதான் நிறுத்தினேன். அந்த மாதிரிக் கிரீம்களில் பாதரசம் கலந்து விற்கிறார்கள் என்று பிற்பாடு படித்தபோது அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன், மன்னித்துவிடு பாப்பா.

2005-இல் வரிக்குதிரை மீனில் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள், மனுஷர் நிற வேற்றுமையிலும் அதே மரபணுவுக்குப் பங்கு இருக்கிறது, அதில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் தோல் வெளுக்கிறது என்றாயே, அந்த ஓர் எழுத்துக்காகவா நான் உன் முகத்தை எரித்தேன்? அதுவும் அந்த மீன் இந்தியா, வங்காளதேசப் பக்கத்து ஆறு குளத்து மீனாம்.

உன் மாட்சுகாவா தட்டைமீனையும் நினைத்துக்கொள்கிறேன். பண்ணையில் வளர்த்தால் அடிப்பக்கத்தில் கருப்பு படர்கிறது, படர்ந்தால் சந்தையில் விலை இறங்குகிறது என்றாய். ஜப்பானிலும் இதே கதையா என்று வயிறு எரிந்தது. ஆனால் நீ அந்த மீனைக் குறை சொல்லவில்லை. வெள்ளைத் தொட்டியில் விட்டால் கருப்பு குறைகிறது, மீனும் சீக்கிரம் வளர்கிறது, ஏன் என்றுதான் கேட்டாய். 1983-இல் கவாச்சி குழுவினர் சாமன் மீனின் மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த, 17 அமினோ அமிலம் கொண்ட அந்த ஹார்மோன் மீனை வெளுக்க வைக்கிறது, அதன் உறவுக்கார ஹார்மோன் ஒன்று நம் மூளையில் பசியோடு சம்பந்தப்பட்டிருக்கிறது என்று நீ சொன்னதிலிருந்து சோறு வடிக்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம். இதைப் பாதியில் விட்டுவிட்டு வந்து இங்கே என்ன செய்யப் போகிறாய்? பெரியம்மா ஒரு வரன் கொண்டுவந்தார், பெண் என்ன நிறம் என்றுதான் முதலில் கேட்டார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பாவும் சரி என்றுவிட்டார். பணத்தைப் பற்றி யோசிக்காதே, எங்களுக்குப் போதுமானது இருக்கிறது.

அப்புறம் ஒன்று. நேற்று பையன்கள் கொண்டுவந்த திலாப்பியா ஒன்றைக் கேட்டு வாங்கி அதே வெள்ளைப் பேசினில் விட்டேன். வலை அறுத்து முதுகில் காயம். கொஞ்ச நேரத்தில் தலை, வயிறு எல்லாம் வெளுத்துவிட்டது, காயத்துக்குப் பின்னால் வால் வரைக்கும் ஒரு பட்டை மட்டும் கருப்பாகவே நிற்கிறது. 1911-இல் ஃபிரிஷ் என்பவர் மீனுக்கு நரம்பை வெட்டிப் பார்த்தார், வெட்டினதற்குப் பின்பக்கம் கருத்துவிட்டது என்றாயே, அதுதானா இது? படம் அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்.

அம்மா