இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் உதவிய அண்ணனுக்கு

அண்ணா, பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

என் பழைய ரேஸ் காரில் மூன்று மாதமாகப் பெட்ரோல் வாடை. கார்பரேட்டர், பம்ப், ஃபில்டர் எல்லாம் மாற்றியாயிற்று. சரி, இன்று ஓட்ட வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பிட்டிலிருந்து, அதாவது பக்கத்து காரைத் தயார் செய்யும் இடத்திலிருந்து, நீங்களே வந்தீர்கள்.

"டேங்க் நிரப்பினாத்தான் வாடையா தம்பி?"

ஆமாம் என்றேன். அப்புறம் சீட்டுக்குப் பின்னால் குனிந்து, இணைப்பு இணைப்பாக வெள்ளை டிஷ்யூ சுற்றினீர்கள். பெட்ரோல் ஊற்றும் வாயையும் டேங்கையும் சேர்க்கும் ஹோஸில் டிஷ்யூ நனைந்தது. அதை வளைத்துக் காட்டினீர்கள்: முடி முடியாக வெடிப்பு. டிராக்கின் வளைவுகளில் கார் திரும்பும்போது பெட்ரோல் தளும்பி அந்த வெடிப்பில்தான் கசிந்திருக்கிறது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பர் தாங்காது என்றீர்கள்.

உங்கள் பெட்டியிலிருந்தே புது ஹோஸை வெட்டி மாட்டினீர்கள். பணம் வாங்கவில்லை. உங்கள் பந்தயத்துக்கு அரை மணிதான் இருந்தது.

இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை பேசுங்கள் அண்ணா. அந்தப் பழைய ஹோஸைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.